ஈயமா, எஃகா

செப்டம்பர் 14, ஞாயிறு

டாக்டர் லிண்ட் எழுதச் சொல்லியிருக்கிறார். தலைவலி எப்போது வருகிறது, வலது கண்ணில் என்ன தெரிகிறது, எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டுமாம். "உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். எனக்குப் படித்துச் சொன்னால் போதும்" என்றார். இல்லாத கண்ணுக்கு நாட்குறிப்பு எழுதும் முதல் மாட்டு வைத்தியன் நானாகத்தான் இருப்பேன்.

வருகிற மாதத்தோடு அந்தக் கண் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது குழியில் இருப்பது செயற்கைக் கண். வளர்மதிக்கு அது பழையதைவிடப் பிடித்திருக்கிறது. "பழைய கண்ணு எப்பப் பாத்தாலும் கோவமா மொறைக்குமுங்க. இது சாதுவா இருக்குது" என்கிறாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படித்தான் பேசுவாள்.

சாதுவான அந்தக் கண்ணில்தான் இப்போது படம் ஓடுகிறது. கண் போனாலும் மூளை சும்மா இருக்காதாம், பழைய சரக்கை எடுத்து ஓட்டிக்கொண்டே இருக்குமாம். பைத்தியம் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இன்று பார்த்தது: ஒரு பண்ணையில் கன்றுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது, வெயில் தாழ்ந்த நேரத்தில், வலப்பக்கம் காய்ந்த மக்காச்சோளத் தட்டைகள். நடுவிலிருந்து ஒரு சேவல் எழும்பியது. அவ்வளவுதான். தலைவலி இல்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்னாசிமுத்து வந்து புல்வெளியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். இந்தத் தெற்கு டக்கோட்டா ஊரில் எங்கள் வீட்டை விட்டால் தமிழ் பேசும் ஒரே வாய் அவனுடையது. எத்தனால் ஆலையில் வேதியியலாளர். ஊர் தூத்துக்குடி. மனைவியும் பிள்ளைகளும் டல்லாஸில் இருக்கிறார்கள். இங்கே ஒண்டிக்கட்டை என்பதால் பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

இந்த ஒரு வருடமாக அவன் செய்வதைக் கூடப் பிறந்தவன் செய்வானா என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக் கூட்டிப்போகிறான். பனிக்காலம் முழுக்க எங்கள் வாசலில் பனி அள்ளினான். எங்கே போனாலும் என் வலப்பக்கம்தான் நடப்பான், வலப்பக்கம்தான் உட்காருவான். கண் இல்லாத பக்கம் எதிலாவது இடித்துக்கொள்வேன் என்று காவல் போலிருக்கிறது. அவன் முகத்தைப் பார்க்க நான்தான் கழுத்தைத் திருப்ப வேண்டும். கழுத்து வலிக்கிறதென்று இப்போதெல்லாம் திருப்புவதில்லை.

புறப்படும்போது என் நாய் பூச்சியைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னான்: "அண்ணே, டெல்மர் பண்ணை வேட்டைக்கு ரெண்டு பேருக்கும் பணம் கட்டிட்டேன். இந்த வருசமும் போவோம்."

"எதுக்கு அங்க? நாம ரெண்டு பேரும் பூச்சியக் கூட்டிட்டு அரசாங்க நெலத்துக்குப் போலாம். பழைய மாதிரி."

"இல்லண்ணே. கூட்டத்தோட போறதுதான் நல்லது."

கூட்டத்தைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவன் இப்படிச் சொல்கிறான்.

செப்டம்பர் 20, சனி

டாக்டருக்குப் படித்துக் காட்டும்போது கேட்பார் என்பதால் எழுதிவைக்கிறேன். இந்த ஊரில் ஃபெசன்ட் என்னும் நீளவால் காட்டுக்கோழி வேட்டைக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, பணம் கட்டிக் கும்பலோடு போவது. ஏ.சி. பஸ்ஸில் அறுபடை வீடும் பார்த்து வருகிற பேக்கேஜ் மாதிரி. காலையில் பன்றி வறுவல், முட்டை, காபி. பிறகு பன்னிரண்டு பேர் ஆரஞ்சுத் தொப்பி போட்டு வரிசையாகச் சோளக்காட்டுக்குள் இறங்கிப் பறவைகளை விரட்டிக்கொண்டு நடப்பார்கள். நாலு பேர் காட்டின் அந்தக் கோடியில் தடுத்து நிற்பார்கள். ஃபெசன்ட் லேசில் பறக்காது, ஓடும். ஓட இடம் தீர்ந்ததும் ஒரேயடியாக எழும்பும். அப்போது எல்லாரும் சுடுவார்கள். விழுந்தது யார் சுட்டது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று எங்கள் வழி. நான், இன்னாசி, என் நாய் பூச்சி. தூக்குவாளியில் எலுமிச்சை சாதம், பிளாஸ்க்கில் டீ. நாள் முழுக்கக் கோரைப்புல்லில் முட்டி தேய நடந்தால் ஒரு சேவல் கிடைக்கலாம். பெட்டையைச் சுடக்கூடாது, சேவல் மட்டும்தான். சுட்டவன் யார் என்று சுட்டவனுக்கும் மற்றவனுக்கும் தெரியும். தவறவிட்டவனை ஒரு வாரம் கிண்டல் செய்வோம். எங்கள் துப்பாக்கிகளும் ஒரே ரகம், சின்னக் குழல். கடைக்காரன் அதைச் சிறுவர்களுக்குச் சிபாரிசு செய்வான். நாங்கள் போகும் அரசு நிலத்தில் ஈயக் குண்டு கூடாது என்று சட்டம், ஏனென்றால் உதிர்ந்த ஈயத்தைப் பொறுக்கித் தின்று வாத்துகள் சாகின்றன. கடுகளவு எஃகுக் குண்டுகள் நிறைந்த தோட்டாதான் வாங்குவோம்.

ஆறு வருடம் அப்படித்தான் போனோம். போன வருடம் ஒரு முறை பேக்கேஜையும் பார்த்துவிடுவோம் என்று ஆசைப்பட்டவன் நான். இன்னாசி வேண்டாம் என்றான். "கும்பல்ல போயி என்னத்துக்குண்ணே? ஆடு மேய்க்கவா?" என்றான்.

இன்று கண்ணில்: சேவலுக்குப் பின்னால் ஆரஞ்சுத் தொப்பிகள். தொப்பிக்குக் கீழே ஒன்றுமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

தலைவலி. எழுத முடியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

அந்த நாளை ஒரு தரமாவது எழுதிவிடுங்கள் என்றார் டாக்டர். எழுதிவிடுகிறேன்.

காலையில் டெல்மர் மேசைமேல் தோட்டாப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். எழுபது வயது, நல்ல மனிதர், அவர் பண்ணையின் மாடுகளுக்கு நான்தான் வைத்தியம். எல்லாரும் கை நிறைய அள்ளிக்கொண்டார்கள். எங்கள் சின்னத் துப்பாக்கிக்கு மட்டும் அவரிடம் தோட்டா இல்லை. என் வண்டியில் கிடந்த பெட்டியை எடுத்து இன்னாசியிடம் கொடுத்தேன். எனக்கு நாலைந்து போதும், கோடியில் சும்மா நிற்கத்தானே போகிறேன்.

டெல்மருக்கு ஒரே சட்டம். பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். தாழப் பறந்தால் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் ஆள் நிற்கிறான்.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நடை. வரிசை பக்கத்தில் வந்துவிட்டது. தட்டைகளுக்கு மேலே தொப்பிகள் தெரிந்தன. ஒரு சேவல் எழும்பி, என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, என் இடுப்பு உயரத்தில் திரும்பியது. கழுத்தில் வெள்ளை வளையம். கண்ணைச் சுற்றிச் சிவப்பு. சடசடவென்று சத்தம். எனக்கு ஒரு குளவி கொட்டியதுபோல இருந்தது. அவ்வளவுதான்.

மூன்று குண்டுகள். ஒன்று தொப்பியில் பட்டுப் போனது. ஒன்று புருவத்துத் தோலுக்கடியில் இருக்கிறது, தொட்டால் கடுகு மாதிரி தட்டுப்படும். ஒன்று கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், எடுத்தால் ஆபத்து என்னும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கண்ணை எடுத்தார்கள், குண்டை விட்டுவிட்டார்கள்.

ஆறு பேர் சுட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆறு பேரும் மேலே பார்த்துத்தான் சுட்டார்களாம். வேட்டை அதிகாரி வந்து விசாரித்தார். விபத்து, இன்னார் என்று சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு பூங்கொத்து அனுப்பினார்கள். எந்த மனஸ்தாபமும் இல்லை. நான் யாரையும் சந்தேகப்படவில்லை. ஆறில் ஒரு பங்கு குற்றத்தை வைத்துக்கொண்டு யாரைப் போய்க் கோபிப்பது?

அன்றைய பங்கு என்று மூன்று பறவைகளைச் சுத்தம் செய்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வருடமாக ஃப்ரீசரில் கிடக்கின்றன. வளர்மதி சமைக்கவும் மாட்டேன் என்கிறாள், தூக்கிப் போடவும் மாட்டேன் என்கிறாள். ஐஸ்கிரீம் எடுக்கப் போனால் அவைதான் முதலில் கையில் தட்டுப்படும்.

அக்டோபர் 9, வியாழன்

சூ ஃபால்ஸ் மருத்துவமனை. வழக்கம்போல இன்னாசி ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் காரிலேயே இருந்துவிட்டான், ஏதோ போன் பேச வேண்டுமாம்.

படித்துக் காட்டினேன். கண்ணில் தெரிவதைப் பற்றி டாக்டர் லிண்ட் கவலைப்படவில்லை. தலைவலி பற்றித்தான் யோசித்தார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டுமாம். "ஒரு கேள்வி. உள்ளே இருக்கும் குண்டு ஈயமா, எஃகா? அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். ஈயமானால் பயமில்லை. எஃகானால் இழுக்கும். அது இருக்கும் இடத்திலிருந்து நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து."

"ஈயம்" என்றேன். யோசிக்கவே இல்லை, பட்டென்று வந்துவிட்டது. "எல்லாரும் பண்ணைக்காரர் கொடுத்த ஈயத் தோட்டாதான்."

"எதற்கும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்" என்றார். புதன்கிழமை, 22ஆம் தேதி.

திரும்பும்போது அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தமாதிரியே இருந்தது. இன்னாசியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எப்போதும் கேட்பான்.

அக்டோபர் 13, திங்கள்

சவரம் செய்யும்போது கண்ணாடியில் அந்தப் படம் வந்தது. தொப்பிகளுக்குக் கீழே இப்போது தோள்கள் இருக்கின்றன. ஒரு தொப்பி மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்வாக இருக்கிறது. குட்டையான ஆள், அல்லது குனிந்து குறி பார்க்கிற ஆள். தாடையில் வெட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 18, சனி

இன்று வேட்டைப் பருவம் தொடக்கம். டெல்மர் பண்ணைக்குப் போனேன். துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. ஒரு கண்ணோடு சுடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், பழகிவிடும் என்கிறார்கள். எனக்கு இன்று வேண்டாம்.

பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் போன வருடத்துக்காரர்கள். ஒவ்வொருவரும் வந்து கை குலுக்கினார்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் குலுக்கினார்கள். பல் டாக்டர் ஒருவர் என் கையை விடவே இல்லை. "தினமும் உங்களை நினைத்துக்கொள்கிறேன், வேல்" என்றார். செங்கோட்டுவேல் என்பது அவர்கள் வாயில் அவ்வளவுதான் நுழையும். பாவமாக இருந்தது. அவர்கள் எல்லாருமே தான்தானோ என்று கொஞ்சம் கொஞ்சம் நினைக்கிறார்கள். அதைப் பறவைகளைப் போலவே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காபி குடிக்கும்போது டெல்மரிடம் கேட்டேன். "போன வருடம் அந்த வரிசையில் எல்லாருக்கும் உங்கள் தோட்டாதானே? ஈயம்தானே?"

"எல்லாம் என் பெட்டிதான். ஈயம். நாற்பது வருடமாக ஒரே கம்பெனி. ஏன் கேட்கிறீர்கள்?"

"தலையை ஸ்கேன் எடுக்கிறார்கள். குண்டு எஃகாக இருந்தால் காந்தம் இழுத்துவிடுமாம். உயிர் போகிற விஷயம்."

"கவலையே வேண்டாம். ஈயம்" என்று என் தோளைத் தட்டினார்.

இன்னாசி என் வலப்பக்கம் நின்றிருந்தான். அவன் காபிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

வரிசை காட்டுக்குள் இறங்கியபோது அவனும் இறங்கினான். முதல் சேவல் அவனுக்கு நேர் மேலே, நல்ல உயரத்தில், நீல வானத்தில் போனது. என்னைப்போன்ற ஒற்றைக் கண்ணன்கூடத் தவறவிட மாட்டான். இன்னாசி துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. நாள் முழுக்க ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. கும்பலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சாயங்காலம் எங்கள் பங்கைக் கொடுத்தார்கள். எல்லாரும் லாரிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. புதுப் பறவைகளுக்கு ஃப்ரீசரில் இடமில்லை. வளர்மதி வாசலில் நின்று யோசித்தாள். "ஏனுங்க, ஒரு வருசமாச்சு. ஒண்ணு சமைக்கோணும், இல்லாட்டிப் பொதைக்கோணும். ரெண்டுங் கெட்டானா எத்தன நாளைக்கு வெச்சிருக்கறது?" என்றாள். சமை என்றேன். நாமக்கல்காரனுக்குக் கோழியைப் புதைக்க மனசு வராது.

வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் வறுவல் செய்வதாகத் திட்டம். கறி வெட்டும்போது 'டிங்' என்று தட்டில் ஏதோ விழுந்தது. கடுகளவு குண்டு. இன்னொன்றும் வந்தது. என்னைப் பார்த்தாள். நான் குளிர்பெட்டிக் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்தேன். என் தொழில் காந்தம், விரல் நீளம் இருக்கும். மாடுகள் மேயும்போது ஆணி, கம்பி எல்லாவற்றையும் விழுங்கித் தொலைக்கும். அவை குத்திக் கிழிக்காமலிருக்க இந்தக் காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிடுவோம், வயிற்றிலேயே கிடந்து இரும்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குண்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அசையவில்லை. ஈயம். டெல்மர் சொன்னது சரி.

அப்படியே காந்தத்தை நெற்றிக்குக் கொண்டுபோனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

புருவத்துக்கடியில் இருந்த கடுகு எழுந்து நின்றது. தோலைத் தூக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல. காந்தத்தை எடுத்தேன், படுத்தது. மறுபடி வைத்தேன், எழுந்தது.

"என்னங்க அது?" என்றாள் வளர்மதி.

அது எஃகு. அந்த வரிசையில் எஃகு வைத்திருந்தவன் ஒருவன்தான். பெட்டியை என் கையால்தான் கொடுத்தேன்.

மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

கண்ணில் இன்று முகம் தெரிந்தது. எழுத விருப்பமில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். இன்னாசி மக்ரூன் டப்பாவோடு வந்தான், தூத்துக்குடியிலிருந்து யாரோ அனுப்பியது. பூச்சி அவன்மேல் தாவிக் குதித்தது. வளர்மதி வறுவலைப் பரிமாறினாள். அவன் என் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"புதன்கிழமை ஸ்கேன், இன்னாசி. நீ வர வேண்டியதில்ல, வளர்மதி லீவு போட்டிருக்கா."

"என்ன ஸ்கேன்ண்ணே?"

"அதான், பெரிய காந்தம். அன்னைக்கு டெல்மர்கிட்டச் சொன்னனே. ஈயம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

தண்ணீர் டம்ளரை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"டாக்டர்மாருட்ட நல்லா விசாரிச்சீயளா?"

"விசாரிக்க என்ன இருக்குது? எல்லாரும் ஈயந்தானே போட்டீங்க?"

"வேற ஸ்கேன் எதாச்சும் எடுக்கச் சொல்லலாம்லா. எதுக்குண்ணே இது?"

"எதுக்குப் பயம்? டெல்மரே சொல்லிட்டார். நீயும் பக்கத்துலதானே நின்னே."

கை கழுவப் போனான். தட்டில் வறுவல் அப்படியே இருந்தது. தலை சுத்துகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான் என்று வளர்மதி சொன்னாள்.

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க இப்படிப் பண்றீங்கொ? கேக்கறதுன்னா நேரா கேளுங்க. அந்தப் பையன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு பாத்தீங்களா?"

"பாக்கல. வலப்பக்கம் உக்காந்திருந்தான்."

"புதங்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் நானே டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடுவேன். உங்க ரெண்டு பேரு வெளையாட்டுக்கு நான் தாலியறுக்க முடியாது."

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சுட்டதற்கு மன்னிப்பா? இல்லை. சுட்டது கை தவறி. அதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வருடம் என் வீட்டுச் சோற்றைத் தின்று, என் வாசலில் பனி அள்ளி, என் கண்ணில்லாத பக்கமாகப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். இப்போது நான் செத்துப்போவேன் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பானா? அது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் எனக்கு இந்த ஊரில் யாருமே இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

போனைச் சார்ஜில் போட்டேன். ஒரு பன்றிப் பண்ணை, இரண்டு நாய்களுக்குத் தடுப்பூசி. பூனை ஒன்று கடித்தது. மாலையில் போனைப் பார்த்தேன், சார்ஜ் நிறைந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

வலது கண்ணில் சேவல் இல்லை, காடு இல்லை. அவன் மட்டும் நிற்கிறான். துப்பாக்கியை இறக்கமாட்டேன் என்கிறான்.

அக்டோபர் 22, புதன்

காரை வளர்மதி ஓட்டினாள். உள்ளே போனதும் 'எஃகு' என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு இன்னாசியின் உறவையும் முடித்துவிட வேண்டியதுதான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

முன்மேசைப் பெண் என் பெயரைப் பார்த்ததும் சொன்னாள்: "உங்கள் ஸ்கேனை ரத்து செய்துவிட்டார் டாக்டர். குண்டு எஃகு என்று ஒருவர் வந்து சொன்னார். நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். உங்களை உள்ளே அனுப்பக்கூடாது என்று என்னிடம் சத்தம் போட்டார், பிறகு மன்னிப்புக் கேட்டார்." ஒரு சின்னக் காகிதத்தைக் காட்டினாள். அதில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒரே ஒரு குண்டு. தோட்டா ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான், சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவன் வேதியியலாளர், அப்படித்தான் செய்வான்.

"எங்கே அவர்?" என்றேன். காத்திருப்பு அறையைக் காட்டினாள். வளர்மதி காபி வாங்கப் போவதாகச் சொல்லி அகன்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்தான். நான் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் எழுந்தான். வலப்பக்கம் இரண்டு நாற்காலி காலியாக இருந்தன. அவன் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவனைப் பார்த்தேன். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. கன்னம் உள்ளே போய்விட்டது. தினமும் வந்து போகிறவன் இவ்வளவு இளைத்தது எனக்குத் தெரியவே இல்லை.

"எப்ப வந்தே?"

"விடியறதுக்கு முன்னயே வந்துட்டேன். போன்ல சொல்லிருவோம்னு ரெண்டு நாளா எடுத்து எடுத்துக் கீழ வச்சேன். முடியல அண்ணே." முழங்காலில் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே இருந்தான். "தாழத்தான் சுட்டேன். சேவல் திரும்புச்சு, கையும் கூடவே திரும்பிட்டு. சுட்டதுக்கு அப்புறந்தான் உங்க தொப்பியப் பாத்தேன். ஆறு பேரு சுட்டோம்லா, நானா இருக்காது, நானா இருக்காதுன்னு சொல்லிக்கிட்டேன். அதுக்குத்தான் இந்த வருசமும் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். உங்ககூடத் தனியா நடந்தா வாயி தொறந்துரும்னு பயம்."

அழுதான். எனக்கும் வந்தது. செயற்கைக் கண்ணிலும் தண்ணீர் வரும் என்று இதுவரை டாக்டரிடம் சொன்னதில்லை, சொல்ல வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "நான் வரலேன்னா உள்ள போயிருப்பீயளாண்ணே?"

என் சட்டைப் பையில் காந்தம் இருந்தது. முன்மேசையில் காட்டலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

"வந்துட்டேல்ல, விடு" என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, தலைவலிக்கு வேறு மாத்திரை. வளர்மதி கேட்டாள், "உங்களுக்கு முன்னயே தெரியும்னு இன்னாசிகிட்டச் சொல்லீட்டீங்களா?" இல்லை என்றேன். "சொல்லாம வெச்சிருக்கறது எப்படி இருக்கும்னு ஒரு வருசம் அந்தப் பையனப் பாத்தீங்கல்ல?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 1, சனி

அரசு நிலம். நான், இன்னாசி, பூச்சி. தூக்குவாளியில் எலுமிச்சை சாதம். கோரைப்புல்லில் உறைபனி. நான் துப்பாக்கி எடுத்துவரவில்லை. அவன் எடுத்துவந்திருந்தான், நான்தான் எடுத்துவரச் சொன்னேன்.

காரைப் பூட்டியதும் பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். புருவத்தில் வைத்துக் காட்டினேன். தோல் எழுந்தது. அவன் வாயைப் பிளந்து பார்த்தான்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"தீபாவளிக்கு முந்துன நாள்."

கணக்குப் போட்டான். முகம் மாறியது. மக்ரூன் டப்பா, வறுவல், நான் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வருவதைப் பார்த்தேன். இடப்பக்கம் நின்றதால் எதுவும் தப்பவில்லை.

"ரெண்டு நாளு தூங்கலண்ணே. நீங்க செத்துருவீயன்னு." கொஞ்ச தூரம் நடந்தான். திரும்பினான். "அப்ப நீங்களும் என்னயத் தாழ வச்சுத்தான் சுட்டிருக்கீய."

"ஆமா" என்றேன்.

காரில் ஏறிப் போய்விடுவான் என்று நினைத்தேன். பூச்சி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. அவன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலுக்குள் ஊதிப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் நடக்கணும்?"

"வலப்பக்கம்."

"தோட்டா போடட்டுமா?"

"போடு."

நடந்தோம். கண்ணில்லாத பக்கத்தில் அவன் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. பூச்சி பறவை வாடை பிடித்து ஓரிடத்தில் உறைந்து நின்றது. எனக்கு வலப்பக்கம் சடசடவென்று இறக்கைச் சத்தம், இடுப்பு உயரத்தில். நான் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் இருட்டு.

வெடி கேட்கவில்லை. சத்தம் தேய்ந்து போய்விட்டது.

"தாழ போச்சுண்ணே, விட்டுட்டேன்" என்றான்.

"சேவலா, பெட்டையா?"

"சேவல்தான். நல்ல பெரிய சேவலு."

நம்பினேன்.